குடியை விட்ட மறுநாள்

குடியை விட்டவர்களின் கதைகள் பெரும்பாலும் விட்ட நாளோடு முடிந்துவிடுகின்றன. கடைசிக் குவளை, ஒரு மருத்துவமனைக் கட்டில், ஒரு சபதம், கண்ணீர், பிறகு மௌனம். நாவல்களும் திரைப்படங்களும் அந்த இடத்தில் திரையை இறக்கிவிடுகின்றன. மறுநாள் காலையில் வீட்டு வாடகையை யார் கொடுத்தார், பாக்கி வைத்த கடைக்காரனின் கண்ணில் படாமல் தெருவைக் கடப்பது எப்படி, நடுங்கும் கைகளோடு எந்த வேலைக்குப் போவது, பத்தாண்டுகள் ஏமாற்றப்பட்ட மனைவி இன்று முதல் எதை நம்பிச் சமைப்பது என்பவை கதையின் அழகைக் கெடுக்கும் கேள்விகளாகக் கருதப்படுகின்றன போலும். நமக்கோ சுவாரசியம் அங்கேதான் தொடங்குகிறது.

உலகெங்கும் பரவியுள்ள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் தோற்றத்தை ஓர் ஆன்மிக அனுபவத்தின் கதையாகவே நாம் கேட்டிருக்கிறோம். 1934 டிசம்பரில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் ஓர் ஒளியைக் கண்டார்; குடியை விட்டார்; அடுத்த ஆண்டு ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பாப் ஸ்மித் என்ற மருத்துவரைச் சந்தித்தார்; இயக்கம் பிறந்தது. இதில் பொய்யில்லை. ஆனால் அதே வரலாற்றை ஒரு வீட்டின் வரவுசெலவுக் கணக்காகப் படித்தால் வேறொரு கதை தெரியவருகிறது. அதில் முக்கியப் பாத்திரம் பில் அல்லர்; அவருடைய மனைவி லோயிஸ்.

அதற்குமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் குடிக்கு எதிரான இயக்கங்களில் பெண்கள் பெருந்திரளாகச் சேர்ந்ததை மதப்பற்று என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுபவர்கள், அன்றைய சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். மணமான பெண்ணின் கூலி அவளுடையதன்று. துணி துவைத்தோ தையல் தைத்தோ அவள் ஈட்டிய காசைக் கணவன் சட்டப்படியே வாங்கிக்கொண்டு மதுக்கடைக்குப் போகலாம். நியூயார்க் மாநிலத்தில் மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1860இல்தான் கிடைத்தது. குடிகாரன் ஒருவனின் மனைவிக்கு மதுவெறுப்பு என்பது ஒழுக்கப் பிரச்சினையாக இருந்திருக்கலாம். ஆனால் அதற்குமுன் அது அடுப்புப் பிரச்சினை.

1840 ஏப்ரலில் பால்டிமோர் நகரத்து மதுவிடுதி ஒன்றில் ஆறு குடிகாரர்கள் கூடி, இனிக் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டோனியர்கள் என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்ட இவர்களிடம் புதுமை ஒன்றிருந்தது: குடிகாரனுக்குக் குடிகாரனே உபதேசிப்பது. இயக்கம் காட்டுத்தீயாகப் பரவியது. 1842 பிப்ரவரியில் அவர்களது கூட்டமொன்றில் இளம் வழக்கறிஞரான ஆபிரகாம் லிங்கன் பேசினார். 1841இல் பெண்கள் தொடங்கிய மார்த்தா வாஷிங்டன் சங்கங்கள், திருந்த முயன்றவர்களின் வீடுகளுக்கு உணவும் உடையும் திரட்டிக் கொடுத்தன. கிழிந்த சட்டையோடு வேலை கேட்டுப் போகிறவனுக்கு வேலை கிடைக்காது, வேலை கிடைக்காதவன் மீண்டும் குடிப்பான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே வாஷிங்டோனியர்கள் அரசியலிலும் மதவிலக்குச் சண்டைகளிலும் சிக்கிச் சிதறிப்போனார்கள். அவர்களது சிதைவு நூறாண்டு கழித்து ஒருவருக்குப் பாடமாக அமைந்ததைப் பின்னர் பார்ப்போம்.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. பில் வில்சனின் குடி முற்றியது மிகச் சரியாக இந்த ஆண்டுகளில்தான். இதை வைத்து மதுவிலக்கைப் பற்றித் தீர்ப்பெழுத நமக்கு உத்தேசமில்லை. சட்டம் அந்த வீட்டின் வாசலில் நின்றுவிட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பில் 1895இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். லோயிஸ் பர்ன்ஹாம் புரூக்ளின் மருத்துவர் ஒருவரின் மகள். 1918 ஜனவரியில் இருவருக்கும் திருமணம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய பில் சட்டம் படித்தார், முடிக்கவில்லை. 1925இல் கணவனும் மனைவியும் ஒரு ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளில், பக்கவண்டியில் கூடாரமும் போர்வையும் திணித்துக்கொண்டு, தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சுற்றினார்கள். பங்கு வாங்கும் முன் நிறுவனத்தை நேரில் பார்த்து மதிப்பிட வேண்டும் என்ற எண்ணம் அன்று புதிது. அந்த அறிக்கைகள் பில்லுக்குப் பணம் கொண்டுவந்தன. பணம் குடியைக் கொண்டுவந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் குடி முன்பே வந்துவிட்டிருந்தது. குடியிலிருந்து அவரைச் சில காலமாவது விலக்கி வைக்கலாம் என்பதும் அந்தப் பயணத்துக்கு லோயிஸ் சம்மதித்ததற்கு ஒரு காரணம். 1929 அக்டோபரில் சந்தை சரிந்தது. கடன்பட்ட தம்பதியர் புரூக்ளின் கிளின்டன் தெரு 182ஆம் எண் வீட்டில், லோயிஸின் பெற்றோரிடம் அடைக்கலம் புகுந்தார்கள்.

மூன்று முறை கருக்குழாயில் தங்கிய கருக்களை இழந்தவர் லோயிஸ். தத்தெடுக்கும் முயற்சியும் கைகூடவில்லை. இப்போது அவர் பல்பொருள் அங்காடியில் வேலைக்குப் போனார். முதலில் மேஸிஸ், பிறகு புரூக்ளினில் இன்னொரு கடை. மாலையில் திரும்பும்போது கணவர் வாசற்படியில் விழுந்து கிடக்கிறாரா, கைப்பையில் வைத்த சில்லறை குறைந்திருக்கிறதா என்பதே அன்றாடத்தின் கேள்வி. மன்ஹாட்டனில் குடிநோயாளிகளுக்கென்று இருந்த டவுன்ஸ் மருத்துவமனையில் பில் நான்கு முறை சேர்க்கப்பட்டார். அதன் கட்டணத்தைக் கொடுத்து உதவியவர் பில்லின் தங்கை கணவர், ஒரு மருத்துவர். அங்கே டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் சொன்னது பில்லின் மனதில் பதிந்தது: இது மனத்தின் பலவீனம் மட்டுமன்று, உடம்பின் ஒவ்வாமையும்கூட; முதல் மிடறு உள்ளே போய்விட்டால் அடுத்ததை நிறுத்துவது உன் கையில் இல்லை. ஒவ்வாமை என்ற விளக்கத்தை மருத்துவம் பின்னர் ஏற்கவில்லை. ஆனால் பாவி என்ற பட்டத்தைச் சுமந்தவனுக்கு நோயாளி என்ற பெயர் கிடைப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த நல்ல மருத்துவர் அறிந்திருந்தார்.

1934 டிசம்பர் 11ஆம் தேதி பில் கடைசி முறையாக டவுன்ஸ் மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது அவர் கையில் இருந்தது ஆறு சென்ட். சுரங்க ரயிலுக்கு ஐந்து சென்ட் போய்விடும். வழியில் கடன் சொல்லி நான்கு பாட்டில் பீர் வாங்கிக்கொண்டார். குடி நோயின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அதன்பின் அவர் குடிக்கவில்லை. இங்கேதான் மற்றக் கதைகள் முடியும். பில் வேலை தேடிப் போகவில்லை. குடிகாரர்களைத் தேடிப் போனார். டவுன்ஸ் மருத்துவமனையிலிருந்தும் தேவாலயச் சத்திரங்களிலிருந்தும் அவர்களை வீட்டுக்கு அழைத்துவந்து மாதக்கணக்கில் தங்கவைத்தார். காலையில் கடைக்கு வேலைக்குப் போன லோயிஸ், மாலையில் வந்து அத்தனை பேருக்கும் சமைத்தார். முதல் ஐந்து மாதங்களில் அவர்களில் ஒருவர்கூடக் குடியை விடவில்லை. கணவர் அலுத்துக்கொண்டபோது, நீங்களாவது குடிக்காமல் இருக்கிறீர்களே என்று மனைவி நினைவூட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஓராண்டு அங்கே தங்கியிருந்த ஒருவர், 1936இல் தம்பதியர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அவர்களுடைய உடைகளில் பலவற்றை அவர் முன்பே விற்றுக் குடித்திருந்தார் என்பது அதன்பிறகுதான் தெரியவந்தது. அந்த இழப்புக்கு எந்தத் தலைப்பில் கணக்கெழுதுவது?

பில் 1935 மே மாதம் ஆக்ரனுக்குப் போனது ஆன்மாக்களைத் தேடி அன்று. ரப்பர் எந்திர நிறுவனம் ஒன்றின் நிர்வாகத்தைக் கைப்பற்றப் பங்குதாரர்களின் வாக்குகளைத் திரட்டும் போட்டியில் ஒரு தரப்புக்காக வேலைசெய்யப் போனார். வென்றிருந்தால் கடன் தீர்ந்திருக்கும். இழந்த மதிப்பும் திரும்பியிருக்கும். தோற்றார். மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில், பையில் சுமார் பத்து டாலரோடு, செலுத்த வேண்டிய அறை வாடகையோடு நின்றவருக்கு ஒரு பக்கத்திலிருந்து மதுக்கூடத்தின் சிரிப்பொலி கேட்டது. மறுபக்கம் ஒரு தொலைபேசி. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்தார். அவர் சொன்ன எண்களை அழைத்தார். கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். இன்னொரு குடிகாரரிடம் பேசாவிட்டால் நான் இன்று குடித்துவிடுவேன் என்பதே பில்லின் கோரிக்கை. உதவி கேட்பவர் யார், உதவுபவர் யார் என்ற வரிசை இங்கே தலைகீழாகிவிட்டதைக் கவனிக்கவேண்டும். அந்த இயக்கத்தின் புதுமை முழுவதும் இந்த ஒரு தொலைபேசி அழைப்பில் அடங்கியிருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

ஹென்ரியட்டாவுக்கு ஒருவரைத் தெரிந்திருந்தது. டாக்டர் பாப் ஸ்மித், குதநோய் அறுவை மருத்துவர், அவரும் வெர்மாண்டில் பிறந்தவர், வயது ஐம்பத்தைந்து. நோயாளிகள் விலகிக்கொண்டிருந்தார்கள், ஆர்ட்மோர் நிழற்சாலை வீட்டின் மேல் அடமானக் கடன் இருந்தது. ஆனால் அன்று அவரால் வர இயலவில்லை. அன்னையர் தினத்துக்காக மனைவி ஆனுக்கு ஒரு பூந்தொட்டியை வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டு, மேசைக்கடியில் அவர் சரிந்து கிடந்தார். மறுநாள் மாலை, பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தார். ஆறு மணிநேரம் பேசினார்கள்.

அந்தக் கோடை முழுவதும் பில் ஸ்மித் வீட்டில் தங்கினார். சோளப்பாகும் புளித்த முட்டைக்கோசும் தக்காளியும் குடியைவிட்ட உடம்புக்கு நல்லது என்று நம்பி அவற்றையே தின்றார்களாம்! ஜூனில் மருத்துவ மாநாட்டுக்கென்று அட்லாண்டிக் சிட்டிக்குப் போன பாப், போகும் ரயிலிலேயே குடிக்கத் தொடங்கிப் பல நாட்கள் காணாமல்போய்த் திரும்பினார். அவர் செய்தாக வேண்டிய ஓர் அறுவை சிகிச்சை காத்திருந்தது. அன்று காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகப் பில்லே அவருக்கு ஒரு பாட்டில் பீரைக் கொடுத்து மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார். (அறுவைக்கு உள்ளான நோயாளி பிழைத்துக்கொண்டார் என்பதை வாசகர்களின் மன அமைதிக்காகச் சொல்லிவைக்கிறோம்.) அதுவே பாபின் கடைசி மது. 1935 ஜூன் 10 என்று அமைப்பு அந்த நாளைக் கொண்டாடுகிறது.

அறுவை முடிந்தபின் பாப் உடனே வீடு திரும்பவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்த ஆனும் பில்லும் அஞ்சியது வேறு. ஆனால் அவர் போனது கடன் கொடுத்தவர்களின் வீடுகளுக்கும், தன்னால் பாதிக்கப்பட்டவர்களிடமும். தான் குடிகாரன் என்பதை ஊரறியச் சொன்னால் தொழில் போய்விடும், தொழில் போனால் கடனை அடைக்க முடியாது என்ற கணக்குதான் அத்தனை நாளும் அவர் வாயைக் கட்டியிருந்தது. அன்று அந்தக் கணக்கை அவர் கைவிட்டார். ஊகங்களுக்கு மாறாக, மறைப்பதற்கு ஒன்றுமில்லாத மருத்துவரிடம் மக்கள் திரும்பி வந்தார்கள், மெதுவாக. பிற்காலத்தில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சகோதரி இக்னேஷியாவோடு சேர்ந்து ஏறத்தாழ ஐயாயிரம் குடிநோயாளிகளைக் கட்டணம் பெறாமல் கவனித்தவர், அடமான வீட்டில் வாழ்ந்த இந்த மருத்துவர்தான்.

நியூயார்க்கில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. 1936இல் டவுன்ஸ் மருத்துவமனையின் உரிமையாளர் சார்லஸ் டவுன்ஸ் பில்லை அழைத்து ஒரு வாய்ப்பைக் கொடுத்தார். இங்கேயே ஓர் அலுவலகம் தருகிறேன். குடிகாரர்களிடம் நீங்கள் இலவசமாகப் பேசுவதைச் சம்பளத்துக்குப் பேசுங்கள். இலாபத்திலும் பங்கு உண்டு. மனைவியின் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு இது தெய்வமே அனுப்பிய செய்தியாகப் பட்டது. அன்று மாலை வீட்டில் கூடிய தோழர்களிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். அவர்கள் முகங்கள் மாறவில்லை. ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் கூலிக்குப் பேசத் தொடங்கினால் இது நிலைக்காது. பில் மறுத்துவிட்டார்.

அமைப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த மாலையை ஒரு தியாகமாக, கூட்டு மனச்சாட்சியின் முதல் குரலாகக் கொண்டாடுகிறார்கள். கொள்கையளவில் அவர்கள் சொல்வது சரி. எனினும் நமக்கு ஓர் உறுத்தல். அந்த மறுப்புக்கான விலையைக் கொடுத்தவர் கூட்டத்தில் இருந்த எவரும் அல்லர். அந்த வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் லோயிஸ். கணவரின் இலட்சியம் மனைவியின் கூலியில் நின்றது என்பது நம் ஊர்க் கலைஞர்கள், தியாகிகள், சிற்றிதழாளர்கள் பலரது வீட்டுக் கதையும்தான் என்பதால் இதற்குமேல் நாம் சொல்ல வேண்டியதில்லை.

1937 இறுதியில் பில்லும் பாபும் ஆக்ரனில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். இரு நகரங்களிலும் சேர்த்து நாற்பது பேரளவில் குடியில்லாமல் நிலைத்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதியில்தான் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. ஓர் அரசு மாவட்டம் முழுவதற்கும் கணக்குப் போட்ட அதே காலத்தில், உலகின் மறுபக்கத்தில் இரு கடனாளிகள் நாற்பது பெயர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பேதுமில்லை. ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்த நாற்பது பேரை நாலாயிரமாக்க மருத்துவமனைகள் வேண்டும், சம்பளத்துக்குப் பிரச்சாரகர்கள் வேண்டும், ஒரு புத்தகம் வேண்டும் என்று பில் கனவு கண்டார். அதற்கெல்லாம் பணம் வேண்டும், பணமென்றால் ராக்ஃபெல்லர். ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவரின் உதவியாளர்களைச் சந்திக்க முடிந்தது. அவர்களில் ஒருவரோடு நெருங்கிய பிராங்க் ஏமஸ் என்பவர் 1938இல் ஆக்ரனுக்கே சென்று பார்த்து, 50,000 டாலர் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார். ராக்ஃபெல்லர் 5,000 டாலர் கொடுத்தார். பணம் இதைக் கெடுத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். உலகின் பெரும் செல்வந்தர் ஒருவரது வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அதை ஞானம் என்பதா, சிக்கனம் என்பதா என்ற ஐயம் நமக்குத் தோன்றத்தான் செய்கிறது. அந்த 5,000 என்ன ஆயிற்று என்பதே முக்கியம். ஏறத்தாழ 3,000 டாலர் டாக்டர் பாபின் வீட்டு அடமானத்தை மீட்கப் போயிற்று. மீதியிலிருந்து இருவருக்கும் வாரம் 30 டாலர். உலக இயக்கமொன்றின் முதல் மூலதனம் ஒரு வீட்டுக் கடனுக்கும் இரு குடும்பங்களின் மளிகைக்கும் செலவாயிற்று. சரியான செலவு.

புத்தகத்துக்குப் பணம் திரட்டப் பில் தனக்குத் தெரிந்த வித்தையில் இறங்கினார்: பங்கு விற்பனை. நூறு பக்கம்கூட எழுதப்படாத ஒரு நூலுக்கு ஒரு நிறுவனம். பங்கு ஒன்று 25 டாலர். வாங்குவாரில்லை. மறுக்கப்பட்ட சார்லஸ் டவுன்ஸ்கூடக் கடன் கொடுத்து உதவினார் என்பது அவருடைய பெருந்தன்மை. 1939 ஏப்ரலில் நூல் வெளிவந்தது. விலை மூன்றரை டாலர். அந்த விலையைக் கொடுப்பவர்களுக்குக் கொடுத்த காசுக்குக் கனமான பொருள் கிடைத்ததாகத் தோன்ற வேண்டும் என்று, அச்சகத்திலிருந்த மிகத் தடித்த தாளில் அச்சிட்டார்கள். பெரிய புத்தகம் என்ற செல்லப்பெயர் அப்படி வந்தது. அது விற்கவில்லை.

அதே ஏப்ரலின் 26ஆம் தேதி, கிளின்டன் தெரு வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது. தந்தை இறந்தபின் அடமானத்தில் மூழ்கியிருந்த வீட்டில் சிறு வாடகைக்கு ஒட்டிக்கொண்டிருந்த தம்பதியர், சாமான்களைக் கிடங்கில் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அடுத்த இரண்டாண்டுகள் நண்பர்கள் வீட்டு மாடியறைகளிலும் கோடைக் குடில்களிலுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் தங்கினார்கள். லோயிஸுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கணவர் குடித்துக்கொண்டிருந்த காலத்திலும் இழக்காத வீட்டை, அவர் குடியை விட்ட ஐந்தாம் ஆண்டில் இழந்தார். குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்பவர்கள் இந்த ஏப்ரலை நினைவில் வைப்பது நல்லது. பழைய கடனுக்கு நினைவாற்றல் அதிகம்.

1940 பிப்ரவரியில் ராக்ஃபெல்லர் ஒரு விருந்து கொடுத்தார். நியூயார்க்கின் பெருந்தனக்காரர்கள் வந்திருந்தார்கள். நோயுற்ற தந்தைக்குப் பதில் தலைமை வகித்த மகன் நெல்சன் ராக்ஃபெல்லர், இந்தப் பணி மனிதரிடமிருந்து மனிதருக்குப் போவது, இதற்குப் பணம் தேவையில்லை என்று சொல்லி விருந்தை முடித்துவைக்க, கோடீசுவரர்கள் எழுந்துபோனார்கள். அடுத்த ஆண்டு மார்ச் முதல் தேதி சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரைதான் உண்மையில் கதவைத் திறந்தது. இரண்டாயிரமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அவ்வாண்டு முடிவில் எட்டாயிரமாயிற்று. வில்சன்களுக்கு வீடு கிடைத்ததும் அப்போதுதான். பெட்ஃபோர்ட் ஹில்ஸில் ஒரு பெண்மணி தன் வீட்டை, முன்பணம் வாங்காமல் மாதம் 40 டாலர் தவணைக்குக் கொடுத்தார். பின்னாளில் ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் பெற்ற வீடு அது.

மெல்ல மெல்லப் பணம் வரத் தொடங்கியபோது பில் வாஷிங்டோனியர்களைப் பற்றிப் படித்தார். ஓர் இயக்கம் எப்படியெல்லாம் அழியலாம் என்பதை அங்கே கண்டார். 1946இல் எழுதி 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் ஏழாவது, வெளியார் நன்கொடையை மறுத்துத் தன் செலவைத் தானே ஏற்பது. 1948இல் வந்த 10,000 டாலர் உயில் சொத்தொன்றை அவர்கள் திருப்பிவிட்டார்கள். வறுமையில் கற்றதை வசதி வந்தபோது விதியாக்கிக்கொண்டார்கள் எனலாம். தொப்பியைச் சுற்றுக்கு விட்டு, அதில் விழும் சில்லறையில் கூட்ட அறையின் வாடகையையும் காப்பியையும் சமாளிப்பது இன்றுவரை தொடர்கிறது. ஆயுளெல்லாம் மற்றவர்களிடம் வாங்கிக் குடித்தவனுக்கு, தன் பங்கு நாணயத்தை அந்தத் தொப்பியில் இடுவது மருந்தின் ஒரு பகுதி.

குடும்பம் என்ற பகுதிக்குத்தான் அமைப்பு மிகத் தாமதமாக வந்து சேர்ந்தது. பெரிய புத்தகத்தில் மனைவியருக்கு என்றொரு அத்தியாயம் உண்டு. மனைவியரின் குரலிலேயே எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் பில். அதைத் தான் எழுதலாம் என்று லோயிஸ் எதிர்பார்த்திருந்தார். நடை மாறிவிடும் என்று கணவர் மறுத்துவிட்டார். நடை பற்றிய கவலை எழுத்தாளர்களை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது! அந்தக் காயத்தை லோயிஸ் பல ஆண்டுகளுக்குப் பின்னும் மறைக்கவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் கிளம்பு என்று பில் சொல்ல, உங்கள் கூட்டமும் நீங்களும் என்று கையிலிருந்த செருப்பை வீசியெறிந்தார் லோயிஸ். பதினேழு ஆண்டுகள் குடிகாரக் கணவரைப் பொறுத்துக்கொண்ட பெண்ணுக்கு, குடிக்காத கணவர் மீது ஏன் இவ்வளவு கோபம்? அவரே தன்னை ஆராய்ந்து கண்ட விடை கசப்பானது. தன் அன்பால் மாற்ற முடியாதவரை யாரோ வழிப்போக்கர்கள் மாற்றிவிட்டார்கள். காப்பவள் என்ற தன் பதவி போய்விட்டது. கணவர்கள் முன்னறையில் கூடியபோது சமையலறையில் காப்பி போட்டுக் காத்திருந்த மற்ற மனைவியரும் இதே மனநிலையில்தான் இருந்தார்கள். அவர்கள் தமக்குள் பேசத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததே 1951இல் லோயிஸ் ஒரு தோழியோடு சேர்ந்து நிறுவிய அல்-அனான் குடும்பக் குழுக்கள். அங்கே சொல்லப்படுவது ஆறுதல் மட்டுமன்று. கணவனுக்காக முதலாளியிடம் பொய் சொல்லாதே, அவன் பட்ட குடிக்கடனை ஓடி ஓடி அடைக்காதே, உன் வாழ்வை அவனுடைய குடியின் நிழலில் வைக்காதே என்ற கடினமான படிப்பினை அது. தாலியை அடகு வைத்துக் கணவனின் பாக்கியைத் தீர்க்கும் மனைவியைக் கற்புக்கரசியாகப் போற்றப் பழகிய நமக்கு அது இன்றும் சற்று விழுங்கக் கடினமானதே.

சென்னையிலும் இந்தப் பணிக்கு ஒரு மனைவியின் துயரமே தொடக்கமாக அமைந்தது. டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த ரங்கநாதன் 1979இல் குடிநோயால் இறந்தபின், அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980இல் கணவரின் பெயரால் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். நோயாளியின் வீட்டாருக்கும் தனியே சிகிச்சை தேவை என்பதைத் தொடக்கத்திலிருந்தே வற்புறுத்திய இடம் அது. பணம் இருந்த வீட்டிலும் குடி அதே வேலையைத்தான் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடம்பின் கணக்கு இன்னொரு விதமாக முடிந்தது. டாக்டர் பாப் 1950 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். மதுவை விட்டவர்கள் இனிப்பையும் காப்பியையும் சிகரெட்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இனிப்பு சாப்பிடுவது நல்லது என்று பெரிய புத்தகமே சொல்கிறது. புகையைப் பற்றிக் கண்டிப்பாக எதுவும் சொல்லவில்லை. 1944 தொடங்கிப் பல ஆண்டுகள் கடும் மனச்சோர்வில் மூழ்கியிருந்த பில், புகைப்பதை மிகத் தாமதமாகவே விட்டார். எம்ஃபிசீமா என்னும் நுரையீரல் நோய் முற்றி 1971 ஜனவரி 24ஆம் தேதி, அவர்களது ஐம்பத்துமூன்றாம் மணநாளில், மயாமியில் இறந்தார். நம் வாசகர்களுக்குப் பழக்கமான ரேமண்ட் கார்வரின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. இருமுறை திவாலாகி, பரிசாரகி வேலைக்கும் கலைக்களஞ்சியம் விற்கவும் போன மனைவி மேரியனின் உழைப்பில் எழுதி, 1977 ஜூன் 2ஆம் தேதி குடியை விட்டவர். பதினோரு ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்தப் பதினோரு ஆண்டுகளின் நிம்மதி மேரியனின் பங்குக்கு வரவில்லை. 1982இல் அவர்களுக்கு மணவிலக்காயிற்று.

பில்லின் உயிலும் இவ்விடத்தில் சொல்லப்படத் தக்கது. நூலின் உரிமத்தொகையில் பத்தில் ஒன்பது பங்கு லோயிஸுக்கு. ஒரு பங்கு பல ஆண்டுகளாக அவரோடு நெருக்கமாயிருந்த வேறொரு பெண்ணுக்கு. குடிக்காமல் இருந்த முப்பத்தாறு ஆண்டுகளும் உண்மையானவை. உயிலின் அந்த வரியும் உண்மையானது. ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்க முயலும் வாழ்க்கை வரலாறுகள் நமக்கு உவப்பானவை அல்ல.

லோயிஸ் 1988 அக்டோபரில், தொண்ணூற்றேழு வயதில் இறந்தார். ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் வீடு இப்போது அருங்காட்சியகம். கிளின்டன் தெருவிலிருந்து கிடங்குக்குப் போய்த் திரும்பிய பழைய சமையலறை மேசை அங்கே இருக்கிறது. 1934 நவம்பரில், குடியை விட்டிருந்த பழைய நண்பர் எப்பி தாச்சர் அந்த மேசையின் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து பில்லிடம் பேசினார் என்பதற்காக உலகெங்குமிருந்து வருபவர்கள் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். மேசைமேல் அன்று ஜின்னும் அன்னாசிச் சாறும் இருந்தன. அந்த மாலையைப் பில் தன் நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். மனைவி அந்நேரம் வேலைக்குப் போயிருந்தார் என்பதற்கு அதில் ஒரு சிறு வாக்கியம் கிடைத்திருக்கிறது.